கட்டுக்கரைக்குளத்தின் வயிற்றில் இருந்த ஊர்கள்

மன்னார் தீவில் ஆறு இல்லை. மணலும் பனையும் கடலும் கிணற்று நீரும்தான் எங்கள் செல்வம். எருக்கலம்பிட்டி என்ற பெயரே இதைச் சொல்லிவிடும். எருக்கலை முளைக்கும் மணற்பிட்டியில் நெல் முளைக்காது. கடலிலும் வணிகத்திலும் உழைத்த எங்கள் ஊரவர்களுள் கையில் சிறிது பணம் சேர்ந்தவர்கள் பெருநிலப்பரப்பில் வயற்காணி வாங்கினார்கள். என் வாப்பாவுக்கும் முருங்கன் பக்கத்தில் ஒரு பங்கு வயல் இருந்தது. மாரி தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்கும் முதற் கேள்வி, "கட்டுக்கரைக்குத் தண்ணி வந்திட்டாமா?" என்பதுதான். கடலால் சூழப்பட்ட ஊரொன்றின் சோறு, பல மைல் தொலைவில் உள்ள ஒரு குளத்தின் நீர்மட்டத்தில் தங்கியிருந்தது.

கட்டுக்கரைக்குளத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைக் கட்டிய மன்னர்களைப் பற்றி எழுதுவார்கள். திருத்திய வெள்ளைக்காரர்களைப் பற்றியும் எழுதுவார்கள். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சில நூற்றாண்டுகள், அது குளமாக இல்லாமல் ஊர்களாக இருந்த காலம், பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துவிடும். அந்த ஒரு வரியைப் பற்றியதே இந்தக் கட்டுரை. அது ஏன் இன்று நமக்கு முக்கியமாகிறது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் குளத்தைப் பார்ப்போம். மன்னாரிலிருந்து மதவாச்சி வீதியில் உயிலங்குளம், முருங்கன் என்று போகும் எவரும் இதன் அயலைக் கடந்தே செல்ல வேண்டும். தமிழில் கட்டுக்கரைக்குளம், இராட்சதக்குளம் என்பாரும் உளர். சிங்களத்தில் யோத வெவ. 'ஜயன்ற்ஸ் டாங்க்' என்பது ஆங்கிலேயர் வழங்கிய பெயர். சிங்களப் பெயரும் ஆங்கிலப் பெயரும் அதன் பருமனைக் கண்டு வியக்கின்றன. தமிழ்ப் பெயர் மட்டும் அது மனிதர் கட்டிய கரை என்பதை நினைவில் வைத்திருக்கிறது.

இந்தக் குளம் தன் மேல் விழும் மழையை மட்டும் நம்பியது அன்று. அநுராதபுரத்தைத் தொட்டுக்கொண்டு வடமேற்கே வந்து மன்னார்க் கடலில் விழும் அருவி ஆறுதான் இதற்குப் பால் கொடுக்கும் தாய். சிங்களத்தில் மல்வத்து ஓயா எனப்படும் இந்த ஆறு 164 கிலோமீற்றர் நீளமானது. மாரியில் பெருகிக் கோடையில் மணலாகும் ஆறு. அதன் குறுக்கே, குளத்துக்கு மேற்புறமாக, தேக்கம் என்ற இடத்தில் பழைய கல்லணை ஒன்று இருக்கிறது. அங்கே மறிக்கப்படும் நீர் வாய்க்கால் வழியாகக் குளத்துக்கு வருகிறது. குளத்திலிருந்து துருசுகள் வழியாக வெளியேறி, கீழே உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட சிறு குளங்களை ஒவ்வொன்றாக நிரப்பிச் செல்கிறது. அந்தச் சிறு குளங்களிலிருந்துதான் வயல்களுக்கு நீர் பாய்கிறது. ஆகவே கட்டுக்கரை என்பது ஒரு தனிக் குளமன்று, ஓர் ஆற்றையும் நூறு ஊர்களையும் இணைக்கும் பெரும் ஏற்பாடு. இதில் எந்த இடத்தில் ஒரு கண்ணி அறுந்தாலும் கீழே இருக்கும் ஊர் வாடும்.

இக்குளத்தின் தொடக்கத்தைக் கி.பி. 5ஆம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேனனோடு தொடர்புபடுத்துவது வழக்கம். 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு இதனைப் புதுப்பித்ததாகவும் சொல்லப்படுகிறது. 2016இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் கட்டுக்கரைப் பகுதியில் நடத்திய அகழாய்வு, சுடுமண் உருவங்களையும் பழைய மட்பாண்டங்களையும் வெளிக்கொணர்ந்தது. மன்னர்களின் பெயர்ப் பட்டியலுக்கு அப்பால் இந்தக் கரையோரத்தில் சாதாரண மக்கள் வாழ்ந்தார்கள், வழிபட்டார்கள் என்பதற்கு அவை சாட்சி.

இவ்வளவு பெரிய குளம் இந்த வறண்ட கரையில் ஏன் வேண்டியிருந்தது என்ற கேள்விக்கு விடை மாந்தையில் இருக்கிறது. மாதோட்டம், மகாதித்த என்றெல்லாம் பேசப்படும் அந்தத் துறைமுகம், அநுராதபுர அரசு கடலைப் பார்த்த வாசல். 1980இல் ஜோன் கார்ஸ்வெல் அங்கே தொடங்கிய அகழாய்வில் சீன மட்பாண்டமும் மேற்காசிய முஸ்லிம் நாடுகளின் மட்பாண்டமும் ஒரே மண்ணில் கிடைத்தன. பிற்காலத் தாவர ஆய்வில் மிளகும் கிராம்பும் அடையாளம் காணப்பட்டன. பாரசீகக் குடாவிலிருந்து வந்த கப்பலும் சீனத்துப் பொருளும் சந்தித்த அந்தத் துறையில் காற்று மாறும் வரை மாதக்கணக்கில் தங்கியவர்கள் பலர். தங்கியவர்களுக்குச் சோறு வேண்டும். திரும்பிப் போகும் கப்பலுக்கும் அரிசி வேண்டும். மாந்தையின் பின்னிலத்தை வயலாக்கிய குளம் கட்டுக்கரை. நம் சமூகத்தின் வேர்களைத் தேடுவோர் கடல்வழியை மட்டும் பேசுகிறார்கள். கரையிறங்கிய மனிதன் உண்ட சோற்றின் வழியையும் நாம் பேச வேண்டும். அந்த வழி உழவர்களிடம் போய்ச் சேரும்.

11ஆம் நூற்றாண்டளவில் மாந்தையின் பெருவாழ்வு முடிவுக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டுக்குப் பின் வடமத்திய அரசுகளும் சரிந்தன. ஆற்றணையைப் பார்க்கவும் வாய்க்காலைத் தூர்வாரவும் கரையில் ஏற்படும் கசிவை உடனே அடைக்கவும் ஆளணி வேண்டும். அது கலைந்தபோது குளமும் கலைந்தது. ஒரு பெருங்குளம் சாவதற்கு எதிரி வேண்டியதில்லை. இரண்டு மாரிக்குக் கவனிப்பார் இல்லாமற் போனாலே போதும்.

ஆனால் குளம் செத்த இடம் பாழ்நிலமாவதில்லை. பல நூற்றாண்டு வண்டல் படிந்த அடிநிலம் அது. ஈரம் காக்கும் களிமண். சுற்றிலும் மணலும் கரம்பையுமாக இருக்கும் நாட்டில் இப்படி ஒரு நிலத்தை உழவன் விட்டுவைப்பானா? உடைந்த பெருங்கரைக்கு உள்ளேயே மக்கள் இறங்கினார்கள். குடிசை போட்டார்கள், வயல் திருத்தினார்கள். வன்னியிலும் மன்னாரிலும் 'முறிப்பு' என்று முடியும் இடப்பெயர்கள் பல உண்டு. முறிந்த கரையை உடைய பழைய குளம் என்று பொருள். குளம் முறிந்ததையும், முறிந்த இடத்தில் ஆட்கள் இருந்ததையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் பெயர் அது. ஆட்கள் இல்லாத இடத்துக்கு யார் பெயர் வைப்பார்கள்?

இனி அந்த ஒரு வரிக்கு வருவோம். 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்தவர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற். 1859இல் வெளிவந்த அவருடைய 'சிலோன்' என்ற இரு தொகுதி நூலில் கட்டுக்கரையைப் பற்றி ஒரு பகுதி உண்டு. கரையின் அடிப்பாகம் 300 அடிக்கு மேல் அகலம் என்றும், 15 மைல் தூரத்துக்கு அதனைத் தடம்பிடிக்கலாம் என்றும் எழுதுகிறார். குளத்தின் உட்பரப்பில் அப்போது மக்கள் நிறைந்த ஊர்கள் 10 இருந்தன என்றும், கைவிடப்பட்ட ஊர்கள் மேலும் 8 இருந்தன என்றும் போகிற போக்கில் சொல்லிச் செல்கிறார். மொத்தம் 18 ஊர்கள். ஒன்றின் பெயரையும் அந்த இடத்தில் அவர் எழுதவில்லை. அங்கே இருந்தவர்கள் யார், எதைப் பயிரிட்டார்கள், அந்த 8 ஊர்களை விட்டுப் போனவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விகள் அவருக்கு எழவில்லை. அவருடைய அக்கறை கரையின் மீது இருந்தது.

கரையைப் பற்றியும் அவர் ஒரு தீர்ப்புச் சொன்னார். பழையவர்கள் மட்டம் பார்த்ததில் தவறிவிட்டார்களாம். ஆற்றிலிருந்து வெட்டிய கால்வாய் குளத்துக்கு நீர் கொண்டுவராமல் மீண்டும் ஆற்றிலேயே கொண்டுபோய் விட்டதாம். ஆகவே இத்தனை பெரிய வேலையும் வீண் உழைப்பு, இடைநடுவில் மனமுடைந்து கைவிடப்பட்ட ஒன்று என்பது அவர் முடிவு. ஒல்லாந்தர் காலத்திலிருந்தே இக்குளத்தைத் திருத்தும் யோசனை எழுவதும் அடங்குவதுமாக இருந்தது. அந்த யோசனையின் தலையில் மண்ணைப் போட்டது இந்தத் தீர்ப்பு.

தீர்ப்பு பிழையானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீர்ப்பாசன எந்திரிகள் மறுபடியும் அளந்தார்கள். அந்த நூற்றாண்டின் முடிவையொட்டி மீட்பு வேலைகள் நடந்தன. அருவி ஆற்றின் நீர் தேக்கத்தில் திரும்பிக் கட்டுக்கரைக்குள் வந்தது. இன்றும் ஒவ்வொரு மாரியிலும் வருகிறது. ரெனன்ற் துரை சொன்னது சரியா என்று நாங்கள் விவாதிக்க வேண்டியதில்லை. எங்கள் சோற்றுப் பானை அதற்குப் பதில் சொல்லிவிட்டது.

ரெனன்றின் இரண்டு குறைகளில் ஒன்றைத் தண்ணீர் திருத்திவிட்டது. மற்றதைத் திருத்த ஆளில்லை. குளம் மீண்டும் குளமானபோது அதன் வயிற்றில் நீர் ஏறிய நிலம் நீருக்குப் போயே ஆக வேண்டும். வீடும் வளவும் கிணறும் அடக்கத்தலமும் அதற்குள் அடக்கம். கீழே இருந்த பல்லாயிரம் ஏக்கருக்கு அது நன்மை. என் வாப்பாவின் வயலுக்கும் நன்மை. அந்த நன்மையை மறுக்க நான் வரவில்லை. ஆனால் கரையின் நீளத்தை அடிக்கணக்கில் எழுதத் தெரிந்த வரலாறு, கரைக்குள் இருந்த ஊர்களை எண்ணிக்கையாக மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தது என்பதையே சுட்டிக்காட்டுகிறேன். 1954இல் கட்டுக்கரை சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. இன்று அங்கே வரும் பறவைகளுக்கு இனம்வாரியான பட்டியல் உண்டு. நல்லதுதான். அங்கே இருந்த 18 ஊர்களுக்கும் ஒரு பட்டியல் இருந்தால் இன்னும் நல்லது.

குளம் ஊராவது உலகத்தில் புதுமையில்லை. சென்னைக்குப் போகும் நம்மவர்கள் துணி எடுக்கத் தவறாமல் போகும் தியாகராய நகர், 1920களில் மாம்பலத்து நெடுங்குளத்தை வற்றவைத்த நிலத்தில் எழுந்த குடியிருப்பு. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு தெரு இன்னும் இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் ஏரி தெரியாது. இங்கிலாந்திலும் தண்ணீரால் சுழன்ற ஆலைகளுக்கென வெட்டிய குளங்கள், நீராவி வந்த பின் பல இடங்களில் தூர்க்கப்பட்டு வீட்டுமனைகளாயின. ஆலையும் குளமும் தெருப்பெயரில் மட்டும் எஞ்சின. அங்கெல்லாம் தண்ணீர் போய் மனிதர் வந்தனர். போன தண்ணீருக்கு ஒரு பெயராவது மிஞ்சியது. கட்டுக்கரையில் தண்ணீர் போய் மனிதர் வந்து, மனிதர் போய்த் தண்ணீர் வந்தது. போன மனிதருக்கு ஒரு பெயரும் மிஞ்சவில்லை.

இந்த ஒரு வரி எனக்கு ஏன் உறுத்துகிறது என்பதை இப்போது சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். மன்னார் தீவிலிருந்து நாங்கள் கடல் வழியாகக் கற்பிட்டிக்குப் போனோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. புறப்படுமுன் உம்மா கிணற்றடிக்குப் போய், ஒரு கிடுகை எடுத்துக் கிணற்றை மூடிவிட்டு, பறந்துவிடாமல் அதன்மேல் இரண்டு கல்லை வைத்தது நினைவிருக்கிறது. கலியாண வீட்டுக்குப் போய் நாலு நாளில் திரும்புகிறவர் செய்யும் வேலை அது. திரும்புவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. உம்மா திரும்பவில்லை, புத்தளத்து மையவாடியில் இருக்கிறார்.

போர் முடிந்த 2009க்குப் பின் ஊருக்கு வந்தபோது எங்கள் வளவில் உடைமரம் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. கிணற்றைக் கண்டுபிடிக்க ஒரு பகல் ஆயிற்று. காணி விடயமாக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கிருந்த இளம் உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் கேட்டார்: "சேர், இது காடாத்தானே கிடந்தது? இங்க முந்தி ஆக்கள் இருந்தவங்களா?" அவரில் கோபப்பட ஒன்றுமில்லை. அவர் பிறக்கும்போது நாங்கள் அங்கே இல்லை. அவர் கையிலிருந்த வரைபடத்திலும் நாங்கள் இல்லை. கைவிடப்பட்ட ஊர்கள் 8 என்ற எண்ணிக்கை அந்த நிமிடத்தில் எனக்கு வேறு மாதிரி ஒலித்தது. அந்த எண்ணுக்குள்ளும் யாரோ ஒரு பெண் கிணற்றை மூடிவிட்டுப் போயிருப்பாள்.

எருக்கலம்பிட்டிக்காவது பெயர் இருந்தது, பள்ளிவாசல் இருந்தது, படித்த பிள்ளைகள் இருந்தார்கள். முசலித் தெற்கின் நிலை அப்படியில்லை. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி போன்ற முஸ்லிம் கிராமங்களின் மக்களும் 1990இல் வெளியேற்றப்பட்டவர்களே. அவர்கள் இல்லாத ஆண்டுகளில் மரங்கள் வளர்ந்தன. 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி–கரடிக்குளி, விளாத்திக்குளம், பெரியமுறிப்பு என்ற பெயர்களில் வன ஒதுக்கங்கள் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2017 மார்ச் 24இல் இவற்றையும் உள்ளடக்கி 40,030 ஹெக்டேயர் நிலம் மாவில்லு என்ற பெயரில் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனமானது. திரும்பிவந்த மக்கள் தம் வாசலில் நின்றபடியே வில்பத்துக் காட்டை அழித்தவர்கள் என்று பேசப்பட்டார்கள்.

அந்த வர்த்தமானியில் உள்ள பெயர்களை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். விளாத்திக்குளம் என்பது குளம். பெரியமுறிப்பு என்பது கரை முறிந்த பெரிய குளம். மறிச்சுக்கட்டி என்ற பெயரிலேயே மறித்தலும் கட்டுதலும் கேட்கின்றன. மனிதக் கையே படாத காடு என்று சொல்லப்பட்ட நிலத்தின் பெயர்ப்பலகை முழுவதும் மனிதர் கட்டிய கரைகள். அந்தப் பெயர்களைக் காட்டுக்குச் சூட்டியவர்களுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் சற்றுத் தயங்கியிருப்பார்கள்.

இங்கே ஒரு விடயத்தில் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். காடு காக்கப்பட வேண்டியதே. கல்லாறு வனப்பகுதியில் சட்டத்துக்கு மாறாகக் காடழிப்பு நடந்ததென்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அழிக்கப்பட்ட காட்டுக்கு ஈடாக முன்னாள் அமைச்சர் தமது செலவில் மரம் நடவேண்டும் என்றும் கட்டளையிட்டது. நம்மவர் சம்பந்தப்பட்டது என்பதற்காக அதனை மறைத்துப் பேசினால் நம் பேச்சை எவரும் நம்பமாட்டார்கள். மழை குறைந்த மன்னாருக்கு மரத்தின் அருமை தெரியும். காடு வேண்டுமா, மக்கள் வேண்டுமா என்பது என் கேள்வியன்று. ஒரு நிலம் வெறுமையாகக் கிடந்தது என்று எழுதுகிறவர், அது எந்த ஆண்டிலிருந்து, யாரால், ஏன் வெறுமையானது என்பதையும் சேர்த்து எழுதக் கடமைப்பட்டவர். அதை எழுதாமல் விட்டால் துரத்தப்பட்டவன் கைவிட்டுப் போனவனாகிவிடுகிறான். திரும்பிவருபவன் ஆக்கிரமிப்பாளனாகிவிடுகிறான்.

எங்கள் ஊரின் புதல்வரான பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் 2018இல் மறையும் வரை இந்த வேலையைத்தான் செய்தார். புவியியல் அவர் துறை. வெளியேற்றப்பட்ட மக்களின் ஊர்களையும் வீடுகளையும் இழப்புகளையும் கணக்கெடுத்துப் பதிந்தார். முசலியின் மீள்குடியேற்றத்தைப் பற்றியும் எழுதினார். உணர்ச்சிப் பேச்சு மேடையோடு கலைந்துவிடும், பெயரும் அளவும் நிற்கும் என்பது அவருடைய எழுத்திலிருந்து நான் கற்றது. ஆனால் ஒரு மனிதர் எவ்வளவுதான் எழுத முடியும்?

நம் இலக்கிய வட்டத்தில் இடப்பெயர்வைப் பற்றிக் கவிதைகளும் கதைகளும் நிறைய வந்துவிட்டன. அவை வரத்தான் வேண்டும். அவற்றோடு இன்னொன்றும் வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் 1990க்கு முன்னர் இருந்த ஒழுங்கைகள், கிணறுகள், குளங்கள், தோணித்துறைகள், வயல்கள் ஆகியவற்றின் பெயர்கள் எழுதப்பட வேண்டும். எழுபது வயதைத் தாண்டியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். விளாத்திக்குளத்தின் துருசு எந்தப் பக்கம் இருந்தது, வான் எங்கே பாய்ந்தது என்று அவர்களில் யாருக்காவது தெரியும். அவர்கள் மௌத்தாகும்போது வரைபடத்தின் ஒரு துண்டும் அவர்களோடு கபுறுக்குப் போகிறது.

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வேலையை ஒரு பயிற்சியாகக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் உள்ள மூத்தவரிடம் கேட்டுத் தங்கள் வளவைச் சுற்றிய நான்கு எல்லைகளையும், கிணறு இருந்த இடத்தையும், அதில் நீர் அள்ளியவர்களையும் எழுதிவர வேண்டும். சென்ற மாதம் ஒரு பிள்ளை கொண்டுவந்த தாளில், கிணற்றின் பெயருக்கு நேரே "மூத்தம்மாட கிணறு, இப்ப தெரியாது" என்று இருந்தது. அந்தப் பிள்ளையை அழைத்து, "இப்ப தெரியாது" என்ற இடத்தில் ஆண்டைப் போடச் சொன்னேன். வீட்டில் கேட்டு வந்து எழுதினாள்: "1990 வரை இருந்தது."

ரெனன்றின் நூலில் அந்த எட்டு ஊர்களுக்கும் இப்படி ஒரு வரி இருந்திருக்கலாம்.